ஹீட்டருக்குப் போகிற குழாய்

பழவேற்காட்டில் ஹீட்டர் வேண்டும் என்று கேட்ட ஒரே மனிதர் வக்கீல் வேதாசலம்தான். அதுவும் சித்திரை மாதத்தில், காலை பத்து மணிக்கே ஏரிக்கரை மணல் காலைச் சுடுகிற வெயிலில், சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் சொருகிக்கொண்டு கேட்டார்.

"ஹீட்டரா சார்? இன்னாத்துக்கு?" என்றான் கேசவன்.

"எதுக்குன்னா? வண்டியில இருக்குல்ல, அதான்."

கேசவனின் பட்டறை டச்சுக்காரன் கல்லறைச் சுவரை ஒட்டி இருந்தது. நாலு சவுக்குக் கால், மேலே தகரம், அவ்வளவுதான் பட்டறை. ஃபைபர் படகுகளின் டீசல் இஞ்சினைப் பிரித்து மாட்டுவது அவன் பிழைப்பு. எப்போதாவது மீன் ஏற்றும் குட்டி லாரி ஒன்று முனகிக்கொண்டு வந்து நிற்கும். அன்றைக்கு இறால் வாங்கிப் போக வந்த வக்கீலின் கார் மீன் மார்க்கெட் வாசலில் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுபோக, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து அவனிடம் விட்டார்கள்.

சிவப்புக் கார். இரண்டே சீட்டு, துணிக் கூரை. இங்கிலாந்தில் செய்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொன்னேரி கோர்ட்டில் வேதாசலம் ஜெயித்த கேஸை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் பந்தயக் கார் வக்கீல் என்றால் டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். அந்தப் பேரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. இருக்கட்டுமே, பெருமைப்பட மனுஷனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

கேசவன் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே மேலே ஒரு ஹோஸ், கீழே ஒரு ஹோஸ், பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஹோஸ். இது போக, இஞ்சினில் சுடும் தண்ணீரை ஆள் உட்காரும் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர விரல் பருமனில் இரண்டு. குளிர் தேசத்துக்காரன் தன் கால் விறைக்காமல் இருப்பதற்காக வைத்துக்கொண்டது. ஐந்துமே காய்ந்துபோய், நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேல் ஹோஸ் நீளவாக்கில் கிழிந்தே விட்டது.

"ஹீட்டர் ஓஸு ரெண்டையும் உட்டுடலாம் சார். அந்த வாய ரெண்டையும் அடைச்சிட்டா போதும். மத்த மூணும் கெடைச்சா வண்டி ஜம்முனு ஓடும்."

"கேசவா, இது உன் படகு இல்ல. எது எங்க இருந்துச்சோ அது அங்க இருக்கணும். ஒரு ஹோஸ் கொறைஞ்சாலும் நான் இந்த வண்டிய எடுக்க மாட்டேன்." வக்கீல் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "இருபத்தாறாம் தேதி ஆந்திரா கோர்ட்டுக்கு இதுலதான் போகப் போறேன். ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமலா? அந்தத் தேதியைத்தான் கேசவனின் வீட்டில் எல்லாரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஏரியின் நடுவில் எங்கே தமிழ்நாடு முடிகிறது, எங்கே ஆந்திரா ஆரம்பிக்கிறது என்று தண்ணீரில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் வலையை அறுத்த தகராறு கைகலப்பாகி, அந்தப் பக்கத்து ஆள் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. கேசவனின் தம்பி இளங்கோவனையும் இரண்டு இளவட்டங்களையும் கொலை முயற்சி என்று பிடித்துக்கொண்டு போனார்கள். மண்டையை உடைத்தது யார் என்பது அந்தக் களேபரத்தில் கடவுளுக்கே தெரியாது. முதல் ஜாமீன் மனு தள்ளுபடி. இரண்டாவது மனு இருபத்தாறாம் தேதி. ஆத்திரம் அடங்குகிறவரை ஒரு பக்கத்து ஆள் மறு பக்கத்தில் காலெடுத்து வைக்கக் கூடாது என்று இரண்டு பக்கப் பஞ்சாயத்தும் பேசி முடித்திருந்தது. ஆகவே இளங்கோவனின் பெண்டாட்டிகூட கோர்ட்டுக்குப் போக முடியாது. மூன்று குடும்பத்துக்கும் அங்கே இருந்த ஒரே வாய் வேதாசலத்தின் வாய்தான்.

ஜெயிலைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதைப் பாடு என்பார்கள். குப்பத்தில் கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருவனுக்கும் ஒரு பாடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுப் போடுவார்கள். அன்றைக்குப் பேர் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று, இருக்கிறேன் என்பதற்கு, "கீறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அண்ணன் சொல்லக் கூடாது, மாமன் சொல்லக் கூடாது. தொடர்ந்து மூன்று தடவை குரல் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அடித்த பேர் திரும்ப ஏறியதாகச் சரித்திரமே கிடையாது.

இளங்கோவன் இரண்டு சீட்டுக்கு வரவில்லை. மூன்றாவது சீட்டு, மே மாதம் முதல் ஞாயிறு.

அந்த விதியின் கடி எப்படியிருக்கும் என்று கேசவனுக்கு அனுபவமே உண்டு. கல்யாணமான புதிதில் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள மெட்ராஸ் போனவன், மூன்று சீட்டைத் தவறவிட்டான். திரும்பி வந்தபோது அவன் பேர் இல்லை. பிறந்து வளர்ந்த ஏரியில் இன்றைக்கு அவன் அடுத்தவன் இஞ்சினைத் தொடலாம், தண்ணீரைத் தொட முடியாது. வீட்டில் மிச்சமிருந்த ஒரே பாடு இப்போது தம்பி பேரில்தான் இருந்தது. அதுவும் போனால் அந்த வீட்டுக்கு ஏரியில் ஒரு சாண் இடம் கிடையாது.

"சார், கோவிச்சிக்காதீங்க. ஒருவேள வண்டி ரெடி ஆகலன்னா ரயில்லயே போய்ட்டு வந்துடலாமே? கும்முடிப்பூண்டி தாண்டினா அந்தாண்டதான?"

வேதாசலம் சிரித்தார். "ரயில்ல எறங்கி நடந்து வர்ற வக்கீல எந்தக் கோர்ட்ல மதிப்பான்? நீ ஹோஸத் தேடு. நான் உன் தம்பியப் பாத்துக்கறேன்."

அவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். கேசவன் ஐந்து ஹோஸையும் கழற்றி, உதிராமல் செய்தித்தாளில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டான். பட்டறையைச் சாத்தினான். அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டிய இரண்டு படகுகளின் இஞ்சின் பிரித்தபடியே கிடந்தது. படகுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நியாயந்தானே, அவர்கள் வேறு என்ன செய்வார்கள்.

பொன்னேரியில் டிராக்டர் சாமான் விற்கிறவன் கீழ் ஹோஸை அளந்து பார்த்து, ஒரு டிராக்டர் ஹோஸில் இரண்டு அங்குலம் வெட்டினால் உட்காரும் என்றான். உட்கார்ந்தது. மேல் ஹோஸுக்கு மறுநாள் மெட்ராஸில் புதுப்பேட்டை முழுக்க அலைந்தான். அங்கே மலைமலையாகக் குவிந்து கிடக்கிற பழைய சாமானில் ஒரு ஜீப் ஹோஸ், வளைவு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. குட்டி ஹோஸுக்கு எந்தப் பஞ்சமும் இல்லை. ஹீட்டர் ஹோஸை நீட்டியபோதுதான் கடைக்குக் கடை சிரிப்பு.

"இன்னா அண்ணாத்த, ஊட்டிக்கு வண்டி ஓட்டப் போறியா?"

"இல்லபா. பழவேற்காடு."

கடைக்காரன் இன்னொரு தடவை சிரித்துவிட்டு, ஹோஸைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். இதில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு முறுக்கு வளைவு இருந்தது. அச்சில் வார்த்தே இப்படிச் செய்தது, நேர் ஹோஸை வளைத்தால் மடிப்பு விழுந்து தண்ணீர் அடைத்துக்கொள்ளும் என்றான். "மெட்ராஸ்ல எந்த வண்டில ஹீட்டர் கீது? இதெல்லாம் எப்பவோ புடுங்கிப் போட்டுட்டானுங்க. கெடைக்காது, போ."

மூன்றாவது நாளும் அலைந்தான். மழைத் தண்ணி இறைக்கிற ஹோஸ், கேஸ் அடுப்பு ட்யூப், ஆஸ்பத்திரிச் சாமான் கடை ரப்பர் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் நேர் ஹோஸை வாங்கிவந்து, உள்ளே மணலைக் கெட்டித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வளைத்தான். மணலைக் கொட்டியதும் அது ஒரு மணி நேரத்தில் பழையபடி நிமிர்ந்துகொண்டது. ஆத்திரத்தில் அதைத் தூக்கிக் கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தான். டச்சுக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும், அவர்கள்தான் குளிர் தேசத்துக்காரர்கள்.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் வக்கீல் வருகிறார் என்று போன் வந்தது. கேசவன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். படகின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை இங்கே எப்படி அடைப்பார்களோ அப்படி, சவுக்குக் கட்டையை இரண்டு ஆப்பாகச் சீவி, இஞ்சினில் ஹீட்டருக்குப் போகிற வாய் இரண்டிலும் அறைந்தான். கட்டை தண்ணீரில் ஊற ஊற இறுகுமே தவிர நழுவாது. மேலே சைக்கிள் ட்யூபை இழுத்துப் போர்த்தி, வலைக்கயிற்றால் பதினாறு சுற்றுச் சுற்றி, வலை கட்டுகிற முடிச்சாகவே போட்டான். ரேடியேட்டரை நிரப்பி, இஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு சொட்டு கசியவில்லை. இந்தக் கார் காசி வரை போகும். ஹீட்டர் மட்டும் வராது.

வேதாசலம் வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். "ஹீட்டர் ஹோஸ்?"

கேசவன் விரல் கிரீஸைத் துணியில் துடைத்தான். ஒன்று குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொன்ன மனுஷன். வண்டியை எடுக்காவிட்டால்?

"போட்டாச்சு சார். அஞ்சும் போட்டாச்சு."

வக்கீல் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தாலும் அவருக்கு எது என்ன என்று தெரிந்திருக்காது. சாவியைத் திருப்பி, இஞ்சின் உறுமுவதைக் கண்ணை மூடிக் கேட்டார். "சபாஷ்! நாளைக்குச் சாயங்காலம் உன் தம்பி வீட்ல இருப்பான்" என்று கையை ஆட்டிக்கொண்டு போனார். கேசவன் தெரு முனை வரை கூடவே ஓடி, கார் திரும்பி மறைகிறவரை நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் இளங்கோவனின் பெண்டாட்டி கஸ்தூரி நண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். மாலை போனது, பொன்னேரியிலிருந்து வருகிற கடைசி பஸ்ஸும் போனது. வக்கீல் போனை எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. நண்டை யாரும் தொடவில்லை.

சீட்டுக்கு முதல்நாள், சனிக்கிழமை, வக்கீல் தானாகவே வந்தார். காரை மீன் ஏலக்கூடத்துக்கு முன்னால் நிறுத்தினார். பின்னாலேயே பைக்கில் அவருடைய ஜூனியர். பஞ்சாயத்துத் தலைவர் மாணிக்கமும் ஊர் ஆட்களும் கூடிவிட்டார்கள். கஸ்தூரி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். வேதாசலம் காரிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தடா செக்போஸ்ட் தாண்டினதும் ஹீட்டர் ஹோஸ் வெடிச்சிருச்சு. கொதிக்கிற தண்ணி, என் காலே வெந்துபோச்சு. அங்க ஒருத்தனப் புடிச்சு ஒட்டுப் போட்டுக் கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள மனு தள்ளுபடி. இனிமே கோர்ட்டு லீவு முடிஞ்சு, ஜூன்லதான்."

கூட்டம் ஒன்றாகத் திரும்பிக் கேசவனைப் பார்த்தது.

ஹீட்டர் ஹோஸ். வண்டியில் இல்லாத ஹோஸ். கேசவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காரிடம் போனான். "பாக்கறேன் சார்" என்று பானெட்டைத் தூக்கினான். வக்கீல் தடுக்கவில்லை, பார்க்கட்டுமே, ஏதோ ஒரு ஹோஸ் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்திருப்பார்.

இரண்டு ஆப்பும் அறைந்த இடத்திலேயே இருந்தன. பதினாறு சுற்றும் பிரியவில்லை. அவன் போட்ட முடிச்சு, அவன் விட்ட முனை நீளம், எல்லாம் அப்படியே. ஒட்டு எதுவும் எங்கேயும் இல்லை. பானெட் கீல் இடுக்கில் காய்ந்த ரோஜா இதழ்கள் ஒட்டியிருந்தன, நடுவே ஜிகினாத் தாள். முன் பம்பரில் பூச்சரம் கட்டின நூல் அறுந்து தொங்கியது. இருபத்தாறாம் தேதி நல்ல முகூர்த்த நாள். யாரோ பெரிய இடத்துப் பொண்ணும் மாப்பிள்ளையும் இந்த இரண்டு சீட்டில் உட்கார்ந்து ஊர்வலம் போயிருக்கிறார்கள். அந்த ஊர்வலத்துக்காகத்தான் கேசவன் மூன்று நாள் தெருத்தெருவாக அலைந்திருக்கிறான்.

அடிவயிற்றிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த ஆளின் வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தைச் சூடான இஞ்சினில் வைத்து அழுத்த வேண்டும் போல இருந்தது.

"இன்னாடா கேசவா," என்றார் மாணிக்கம். "நீ போட்ட ஓஸுதான?"

"அஞ்சும் போட்டேன்னு இவன்தான் சொன்னான்," என்றார் வக்கீல். "இதுக்காக நான் கேஸ விட்டுட மாட்டேன். ஜூன்ல நானே போறேன். ஆனா தப்பு யாருதுன்னு இந்த ஊருக்குத் தெரியணும் இல்லையா?"

ஜூன்ல நானே போறேன். அந்த வார்த்தையில் இருந்த கத்தி கேசவனுக்கு மட்டும்தான் தெரிந்தது. இப்போது ஆப்பைக் காட்டினால் வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவார். மூன்று பேர் உள்ளே கிடக்கிறார்கள், புது வக்கீலுக்கு எங்கே போவது. அது மட்டுமா? போட்டேன் என்று பொய் சொன்னவன் நீதானே என்று ஊரே அவனைத் திருப்பிக் கேட்கும். எது அவன் வாயை அதிகம் கட்டியது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் கட்டியது.

பானெட்டை இறக்கினான்.

"தப்பு என்னுதுதான் சார். மன்னிச்சிடுங்க."

கஸ்தூரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். மாணிக்கம் காறித் துப்பினார். வேதாசலம் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. "விடு, மனுஷன்னா தப்பு நடக்கும். வண்டி உன் பட்டறையிலயே இருக்கட்டும். இந்தத் தடவையாவது நல்ல ஹீட்டர் ஹோஸாப் பாத்துப் போடு" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, ரயிலில் போகக் கூசினவர் ஜூனியரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏலக்கூடத்தில் சீட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு "கீறேன்" வந்தது. "இளங்கோவன்" என்று மாணிக்கம் கூப்பிட்டார். நிறுத்தி, இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவர் குரலே கொஞ்சம் கம்மியது. பாடு இல்லாதவன் உள்ளே வரக் கூடாது என்பதால் வெளியே வெயிலில் நின்றிருந்த கேசவன், பதில் சொல்லிவிடப் போகிறோமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டான். நோட்டில் பேனா கோடு இழுப்பது அங்கே வரைக்கும் கேட்காது. ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

அவன் பட்டறைக்கு வந்தபோது கஸ்தூரி அங்கே நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"அந்தக் குழாயக் காட்டு. என் வூட்டக் கெடுத்தத நான் கண்ணால பாக்கணும்."

பொய்யைத் தொடர அவனிடம் தெம்பு இல்லை. பானெட்டைத் தூக்கி, ஆப்பைக் காட்டினான். குழாயே போடவில்லை என்றான். வெடிக்க எதுவுமே இல்லை என்றான். அவள் குனிந்து முடிச்சைத் தடவிப் பார்த்தாள். வலைக்காரன் பெண்ணுக்கு முடிச்சைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். பிறகு கீல் இடுக்கிலிருந்து ரோஜா இதழ் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது நேத்தே உனக்குத் தெரியுமா, மாமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் தப்பு என்னுதுன்னு சொன்னியா?"

"ஜூன்ல அந்தாளுதான போவணும் கஸ்தூரி. நான் வாயத் தொறந்தா இன்னா ஆவும்? ஒன் புருசன் வெளிய வர்றது..."

"வந்து?" என்றாள். "வந்து எங்க வல கட்டுவாரு?"

அவள் இதழைக் கசக்கிக் காருக்குள்ளேயே போட்டாள்.

"சீட்டுக்கு ஆளு நேர்ல நின்னு கொரல் குடுக்கணும்னு சட்டம் வெச்சிகீறீங்க. அவரு ஜெயில்ல கீறாரு, கொரல் குடுக்க முடியல. நீ நேர்லதான நின்ன மாமா? ஒனக்கு இன்னா வந்துச்சு? கோர்ட்டுக்கே போவாம ஏமாத்திட்டான்னு நீ சொல்லியிருந்தா, இந்தச் சீட்டக் கணக்குல சேக்காதீங்கன்னு அவங்க கால்ல உழுந்தாவது கேட்டிருப்பேனே. நீ பண்ண தப்பு, எங்க தலையெழுத்துனு முடிச்சிட்டாங்க."

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாள் முழுக்க இருந்தது, தோன்றவே இல்லை. அவள் கல்லறைச் சுவரோரமாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓடிப்போய் மாணிக்கத்திடம் சொல்லலாமா என்று இரண்டு எட்டு எடுத்து வைத்தான். கோடு போட்டாயிற்று. அடித்த பேர் திரும்ப ஏறியதில்லை.

திங்கட்கிழமை காலை, உதிர்ந்தது போக மிச்சமிருந்த பழைய ஹீட்டர் ஹோஸை மாதிரிக்காகச் செய்தித்தாளில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, கேசவன் பொன்னேரி பஸ் ஏறினான். ஜூன் மாதம் அந்தக் கார் ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, பையில் என்ன என்று கேட்டான். கேசவன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.